பொய்ச் சாட்சி சொன்ன பூ!

பொய் சொன்னதாம் தாழம்பூ! சாட்சிக் கூண்டிலே ஏறி நின்று, கூசாமல், குரல் நடுங்காமல் பொய் சொன்னதாம்! அதற்குத் தண்டனையும் பெற்றதாம்! தண்டனைக் காலம் எவ்வளவு? அதற்கு முடிவே இல்லை. மேல்முறையீடு உண்டா? அதற்கு மன்றமே இல்லை!

வழக்கின் விவரம் தெரியாத இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நான்முகனுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்ற சண்டை. நடுவிலே அடியும் முடியும் அறிய ஒண்ணாத நெருப்புத் தூணாகச் சிவன் வந்து நின்றார். பன்றி உருவெடுத்து மண்ணைக் குடைந்த திருமால், அடியைக் காணாமல் திரும்பித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்னமாகப் பறந்த நான்முகனுக்கோ ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சிவன் முடியிலிருந்து நழுவி, ஊழி ஊழியாகக் கீழ்நோக்கி விழுந்துகொண்டிருந்த தாழம்பூ ஒன்றை வழியிலே கண்டார். “நான் முடியைக் கண்டேன் என்று சொல்லப் போகிறேன், ஆமாம் என்று மட்டும் நீ சொல்” என்றார். பூவும் சொன்னது. குட்டு உடைந்தது. நான்முகனுக்கு மண்ணுலகிலே கோயில் கிடையாது. தாழம்பூ சிவ வழிபாட்டுக்கு ஆகாது. தீர்ப்பு இதுதான். நடந்த இடம் திருவண்ணாமலை என்று தலபுராணம் முகவரியும் தருகிறது.

இந்த வழக்கை மறுபடியும் எடுத்துப் படிக்க நமக்கு உரிமை உண்டு. முதல் குற்றவாளி நான்முகன். பொய்யை உருவாக்கியவர் அவர். பூ, கேட்டதற்குத் தலையாட்டியது மட்டுமே. இன்று யார் எங்கே இருக்கிறார்கள்? சோழர் காலத்துச் சிவன் கோயில் எதற்குள்ளும் சென்று கருவறையைச் சுற்றி வாருங்கள். வடபுறச் சுவரின் மாடத்திலே நான்முகன் நிற்கிறார். கோயில் இல்லை என்று தண்டிக்கப்பட்டவருக்கு, தண்டித்தவர் வீட்டுச் சுவரிலேயே இடம்! துணைக்கு வந்த பூவுக்கு வாயிற்படி தாண்டவும் வழியில்லை. பெரியவர் செய்த குற்றத்திற்குச் சிறியவர் சிறைபுகும் கதையை நாம் நாட்டு நடப்பிலே பார்த்துப் பழகியவர்கள். புராணக்காரனும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பூ சிவன் முடியிலிருந்துதான் விழுந்தது என்று கதையே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால், ஒரு காலத்தில் அது தலைமேல் வைத்துக் கொண்டாடப்பட்ட பூ. இடையில் ஏதோ காரணத்தால் விலக்கப்பட்டது; விலக்குக்கு விளக்கம் தேவைப்பட்டது; விளக்கமாகக் கதை வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கைச் சிவன் கோயிலிலே இன்றும் தாழம்பூ சாத்துகிறார்கள். ஒரே கடவுள், ஒரே பூ. ஓர் ஊரிலே ஆகாது, வேறோர் ஊரிலே ஆகும். சாபம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுமோ? கடற்காற்று வீசும் அந்தச் சீமையிலே தாழை கைக்கெட்டிய பூ. கைக்கெட்டியதைச் சாத்தினார்கள், கதை பிறகு வந்து சேர்ந்தது. இது நம் கருத்து. வேறு நல்ல விளக்கம் உள்ளவர்கள் சொன்னால் கேட்போம்.

விலக்குப் பட்டியல் தாழையோடு நிற்கவில்லை. பிள்ளையாருக்குத் துளசி ஆகாது. துர்க்கைக்கு அருகு ஆகாது. திருமாலுக்கு அட்சதை ஆகாது. சூரியனுக்கு வில்வம் ஆகாது. இலைக்கும் புல்லுக்கும் அரிசிக்குமே இத்தனை ‘ஆகாது’ எழுதிய கை, மனிதனை மட்டும் விட்டுவைக்குமா? எந்தப் பூ உள்ளே வரலாம் என்று எழுதிய அதே ஏட்டு மரபுதான், எந்த மனிதன் உள்ளே வரலாம் என்பதையும் எழுதியது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் அடியெடுத்து வைக்க 1939 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாகாணம் முழுமைக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று. மனிதனுக்குச் சட்டம் வந்தது, பூவுக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பூ கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. கருவறைக்கு வெளியே அது செய்து வந்திருக்கும் வேலை பெரிது. அந்த வேலையின் வரலாறே நமக்கு வேண்டியது.

அந்த வரலாற்றைப் படிக்க ஏற்ற இடம் கடற்கரை. சென்னையிலே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே, ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. மீனவர் ஊர். ஒருபுறம் பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம். மறுபுறம் எலியட்ஸ் கடற்கரையும் பெசன்ட் நகர் மாடிவீடுகளும். எதிரே வங்கக் கடல். ‘ஊரூர்’ தமிழ்ப் பெயர். ‘ஒல்காட்’ அமெரிக்கக் கர்னல் ஒருவரின் பெயர். 1882 இல் அடையாற்றங்கரைத் தோட்டத்தை வாங்கித் தம் சபையின் தலைமை நிலையமாக்கியவர் அவர். 1894 இல், ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். 1898 இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த நெறி நாடி இலங்கை சென்றபோது துணை நின்றார். 1907 இல் அடையாற்றிலேயே மறைந்தார். ஆவிகளோடு பேசும் அவர் சபைக் கொள்கைகள் நமக்கு ஒத்து வாரா. ஆனால், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான்! கோயில் கதவு மூடியிருந்த நாளில் கல்விக் கதவைத் திறந்த ஒருவரின் பெயர், கடவுள் பெயர் எதுவும் ஒட்டாமல், ஒரு குப்பத்தின் பெயரோடு ஒட்டி நிற்பதிலே நமக்கு மகிழ்ச்சியே.

இத்தகைய மணற்கரைதான் தாழையின் தாயகம். சோழமண்டலக் கரையின் இயல்பான அமைப்பைச் சொல்கிறோம்: அலை ஓய்ந்த ஈர மணலைத் தாண்டியவுடன் அடும்பு படரும். மக்கள் வாயிலே அது அடப்பங்கொடி. அதன் அருகே, உருண்டோடும் முள்பந்து காய்க்கும் இராவணன் மீசைப் புல். அதற்கும் பின்னே, மணல் மேடாக உயரும் இடத்தில், தாழை புதராக நிற்கும். முதலிரண்டும் ஓடும் மணலைப் பிடித்துக் கட்டும். தாழை அந்தக் கட்டின்மேல் காவலிருக்கும்.

வகுப்பிலே நாம் ஐந்திணை நடத்துகிறோம். நெய்தலின் கருப்பொருளைக் கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். தாழை எது, அடும்பு எது என்று கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொன்னால் விழிக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தொலைவிலே வளர்ந்த பிள்ளைகளும் விழிக்கிறார்கள். பிள்ளைகள்மேல் பழியில்லை; பார்ப்பதற்குச் செடி இருந்தால் அல்லவா பார்ப்பார்கள்?

சங்கத்துப் புலவர்கள் பார்த்து எழுதியவர்கள். நற்றிணையின் பத்தொன்பதாம் பாட்டைப் பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். தாழையின் சொரசொரத்த அடிமரத்தை அவர் இறாலின் முதுகுக்கு ஒப்பிடுகிறார். முள் விளிம்பு கொண்ட இலையைச் சுறாவின் கொம்புக்கு ஒப்பிடுகிறார். முதிர்ந்த அரும்பு அவருக்கு யானைத் தந்தமாகத் தெரிகிறது. இறாலையும் சுறாவையும் கையிலே எடுத்துப் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். ஒரு பூவை வருணிக்கக் கைலாயத்துக்கு ஏற வேண்டிய தேவை அவருக்கு இல்லை; கரையிலே இழுத்துப் போட்ட வலையைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குத் தாழையின் மடல் விரிவது, குருகு தன் இறகைக் கோதி விரிப்பதாகத் தெரிகிறது. சாபமும் பொய்ச் சாட்சியும் இந்தப் பாட்டுகளில் இல்லை.

வரலாற்று மாணவனுக்கு அவற்றைவிடப் பயன் தருவது குறுந்தொகையின் 245 ஆம் பாட்டு. மாலைமாறன் பாடியது. வாள்போல் விளிம்புடைய தாழை, வேல் நட்டு வைத்த வேலியாகக் கடற்கரை ஊரைக் காக்கிறது என்று அதிலே ஒரு செய்தி போகிற போக்கில் வருகிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் தாழையை வேலியாகக் கொண்ட கழிக்கரையைக் காட்டுகிறது. அங்கே அதன் பெயர் கைதை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர் வரிசையில் தாழை, கைதை ஆகிய இரு பெயர்களும் இருக்கின்றன. தாழை என்ற சொல் தென்னைக்கும் வழங்கியது என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். காதலைப் பாட வந்தவர்கள் பொருட்டின்றிச் சொல்லிவிட்டுப் போன செய்தியைத்தான் நாம் உறுதியான சான்றாக நம்பலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகிலே, இந்தக் கரையில் தாழை வேலியாக நின்றிருக்கிறது.

கைதை என்ற பெயரை நாம் மறந்துவிட்டோம். மலையாள மக்கள் மறக்கவில்லை. தாழைக்கு அவர்கள் இன்றும் கைத என்றே சொல்கிறார்கள். 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அமெரிக்காவிலிருந்து அன்னாசியைக் கொண்டுவந்து இறக்கியபோது, அதற்குப் பெயர் வைக்க அவர்கள் அகராதி தேடவில்லை. தாழம்பழம்போல இருந்தது; கைதச்சக்கை என்று அழைத்தார்கள். நம் பக்கத்திலோ ஊர்ப் பெயர்களிலே தாழை தங்கியிருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் தாழங்குப்பம், கடலூர்க் கரையில் தாழங்குடா, சென்னைக்குத் தெற்கே தாழம்பூர், நெல்லைச் சீமையில் தாழையூத்து. பெயர்ப் பலகையிலே நிற்கும் தாழை, மண்ணிலே எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதை அந்தந்த ஊர் இளைஞர்கள் எண்ணிப் பார்த்து எழுதலாமே!

தாழையிலே ஆணும் பெண்ணும் வேறு வேறு செடிகள். மணக்கும் மடல் விடுவது ஆண்செடி. பெண்செடி பூப்பது கண்ணுக்கே தெரியாது. அன்னாசி போன்ற காய் காய்த்து, பழுத்தால் செம்மஞ்சளாகும். கூந்தலிலே பெண்கள் தைத்துக்கொண்ட தாழம்பூ அத்தனையும் ஆண் பூ! மென்மையும் மணமும் பெண்ணுக்கு, வன்மையும் முள்ளும் ஆணுக்கு என்று இலக்கணம் வகுத்தவர்கள் இந்தப் புதரைக் கேட்டிருக்க வேண்டும். மணத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ஃபீனைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற பொருள் என்று வேதியியலார் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த மணத்தைத் தேடி நாகம் வந்து புதரிலே குடியிருக்கும் என்பது ஊருக்கு ஊர் உள்ள அச்சம். பாம்பு தாழம்புதரில் இருக்கலாம். எந்த அடர்ந்த புதரிலும் இருக்கலாம். எலியும் தவளையும் ஓணானும் ஒதுங்கும் இடத்துக்குப் பாம்பு இரை தேடி வரும். பூவை முகர்ந்து மயங்க அது சீமான் வீட்டுப் பிள்ளையன்று! இடி இடித்து மின்னல் வெட்டினால்தான் தாழை மலரும் என்பது மற்றொரு நம்பிக்கை. தாழை மிகுதியாகப் பூப்பது மழைக்காலம். மின்னல் வெட்டுவதும் மழைக்காலம். ஒரே காலத்தில் நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இதை வகுப்பிலே சொல்லித் தர இதைவிட எளிய எடுத்துக்காட்டு நமக்கு அகப்படவில்லை.

இனிப் பயன். கோயில் தள்ளிய பூவை வீடு தள்ளவில்லை. மடலைத் துண்டு துண்டாக்கிப் பின்னலிலே தைத்தார்கள். துணிப்பெட்டியில் வைத்து ஆடைக்கு மணமூட்டினார்கள். காஞ்சிபுரத்து நெசவாளி சேலைக் கரையிலே தாழம்பூவை வடிவமாக ஏற்றினான். ஓலையை முள் சீவி, கிழித்து, பதப்படுத்திப் பாய் முடைந்தார்கள். கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் தழவா என்னும் ஊர் தாழம்பாய்க்கே பெயர் பெற்றது. தமிழிலே படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் ஒரே சொல். பசிபிக் பெருங்கடல் தீவினர் தாழை இனத்து ஓலையால் இரண்டையுமே முடைந்தார்கள். அந்தப் பாயை விரித்துத் தீவுக்குத் தீவு கடல் கடந்தார்கள். நிக்கோபார் மக்களுக்குத் தாழை இனத்துப் பழம் பசியாற்றும் உணவு. நம் நாட்டுப் புராணிகன் ‘ஆகாது’ என்று எழுதிய செடிக்கு உறவான செடி, வேறு கரையிலே சோறும் கலமும் ஆகியிருக்கிறது.

மணத்தைத் தொழிலாக்கியவர்கள் ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்தார். 1936 இல் ஒரிசா தனி மாகாணமாகும் வரை கஞ்சம் நம் சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டம். அங்கே வயல்வரப்பிலும் ஓடைக்கரையிலும் தாழை வேலியாக நிற்கிறது. விடியற்காலையில் ஆண் மடலை அறுத்து, செப்புக் கலத்திலே நீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துக் கேவ்டா நீரும் அத்தரும் வடிக்கிறார்கள். இந்தியாவின் கேவ்டா மணப்பொருளிலே பெரும்பகுதி அந்த ஒரு மாவட்டத்தில் பிறக்கிறது. கலப்பில்லாத வடிப்புக்கு ‘ரூஹ்’ என்று பெயர். ஒரு கிலோ இலட்ச ரூபாயைத் தாண்டும். கஞ்சத்துக் கேவ்டா ரூஹ் புவிசார் குறியீடும் பெற்றது. வடநாட்டு இனிப்பிலும் பிரியாணியிலும் தெளிக்கும் அந்த நீர் நம் பழைய தாழம்பூதான் என்பதை, அதை வாங்கி ஊற்றும் நம்மவரில் பலர் அறியார். வேலியிலே வருவாய் கண்டான் கஞ்சத்து உழவன். நம் கரையில் என்ன நடந்தது?

1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடியது. வண்டிக்கு விறகு வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் செங்கற்பட்டுக் கரை மணலிலே சவுக்கு நடத் தொடங்கினார்கள். சவுக்கு விரைந்து வளரும், நன்றாக எரியும். உழைத்துப் பயிரிட்டவர்களுக்கு ஊதியமும் தந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கரை நிலம் என்றால் சவுக்கு நிலம் என்ற எண்ணம் அரசாங்க ஏட்டிலே அன்று ஊன்றியது. ஆளும் கொடி மாறியும் அந்த எண்ணம் மாறவில்லை. 1870களிலே சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரிலே தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் வேறோரிடத்தில் ஊர் கரையும் என்ற பாடம் அன்றே கிடைத்தது. ஊரூர்க் குப்பத்துக்கு வடக்கே முகத்துவாரத்தில் 1967 இல் கட்டிய பாலம் 1977 வெள்ளத்தில் உடைந்தது. உடைந்த பாலமாகவே அது இன்று பெயர் பெற்றிருக்கிறது. மணல்திட்டு நீளுவதும், மூடுவதும், வெள்ளத்தில் அறுந்து திறப்பதும் அந்த முகத்துவாரத்தின் இயல்பு. அதைக் காலங்காலமாகக் கண்ணால் அளந்து வந்தவர்கள் குப்பத்து மக்கள்.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை வந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. ஊரூர் போன்ற சென்னைக் குப்பங்களும் அடிபட்டன. அதற்குப் பிறகு எல்லார் வாயிலும் ‘பசுமை அரண்’ என்ற சொல் ஏறியது. பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்று 2005 இல் ஆய்வாளர் எழுதினர். காட்டினாலா, அல்லது கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததாலா என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர் கேட்டனர். நல்ல கேள்வி! தாழை நட்டால் ஆழிப்பேரலை நிற்கும் என்று நாம் எழுதமாட்டோம்; அது புராணிகனின் வேலை. தாழை எதைச் செய்யும் என்று உறுதியாகத் தெரியுமோ அதை எழுதுவோம்: காற்றில் பறக்கும் மணலைத் தடுத்து மேடாக்கும், விழுதுபோல் இறங்கும் தாங்குவேர்களால் அந்த மேட்டைப் பற்றி நிற்கும், உப்புக் காற்றைத் தாங்கும். மேடு இருந்தால், பின்னால் இருக்கும் வீட்டுக்குள் நாள்தோறும் மணலும் உப்பும் புகுவது குறையும். இதற்கு மேல் சொல்வது மிகை.

அரண் என்ற பெயரால் நடந்ததை மறைக்கவும் கூடாது. பல கரைகளில் இயற்கையான மணல்மேட்டைச் சமன் செய்துவிட்டுச் சவுக்கு நட்டார்கள்! அரணை இடித்து அரண் கட்டிய அறிவை என்னென்பது! வலை உலர்த்திய இடமும் படகு ஏற்றிய இடமும் தோப்புக்குள் போயின என்று மீனவர் முறையிட்டனர். அதே வேளையில், அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோருக்கு, விலகிப் போனால் புதிய வீடு என்று 2005 இல் அரசாணை வந்தது. கடலோரம் வாழ்வது ஆபத்து என்று குப்பத்துக்குச் சொன்ன அதே காலத்தில், கடலோரத்தில் விடுதியும் மாளிகையும் எழும்பின. கடல், மாளிகையைப் பார்த்தால் மரியாதையாகத் திரும்பிப் போகுமோ?

ஆகவே, ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற கரையில் தாழை நடப் புறப்படும் இளைஞன் முதலில் கேட்க வேண்டியது ஊரைத்தான். கரை வெற்றிடமன்று. படகு ஏறும் வழி, வலை காயும் மணல், ஐஸ் பெட்டி வைக்கும் மூலை, பிள்ளைகள் பந்தாடும் திடல் என்று ஒவ்வோர் அடிக்கும் அங்கே ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு. அழகுபடுத்துகிறோம் என்று அடுத்த ஊரான் வந்து நட்ட செடி, நாளைக்கு வேலியாகி, வேலி மதிலாகி, மதிலுக்கு வெளியே மீனவன் நிற்கும் நிலை வரக்கூடாது. வேலி யாருக்காக என்ற கேள்வியை மாலைமாறன் காலத்திலும் யாரோ கேட்டிருப்பார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது ஆமையை! தை, மாசி இரவுகளில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 1988 முதல் சென்னை மாணவர்கள் ஓர் அமைப்பாக இராவெல்லாம் மணலிலே நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். பகுத்தறிவு இளைஞர்கள் ஒரு நாளாவது அவர்களோடு நடந்து பார்க்க வேண்டும். ஆமைக்கு வெறும் மணல் தேவை. அலைக்கோடு வரை செடியை நெருக்கி நட்டால் அதற்கு இடமிராது. அடும்புக்குப் பின்னே, மேட்டின் முதுகிலே, வீட்டுப் பக்கம் பார்த்த சரிவிலே நடுவதுதான் முறை. மணல்மேட்டைச் சிதைப்பதற்கு எதிராகக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது. 1991 இல் பிறந்து, 2011 இலும் 2019 இலும் மாற்றி எழுதப்பட்டது. மாற்றத்துக்கு மாற்றம் மீனவருக்கு எதிராகத் தளர்ந்தது என்பது தனி வழக்கு. மணல்மேடு கடுமையான காப்புக்குரிய முதல் வகையிலேதான் இன்னும் இருக்கிறது. அந்த ஏட்டைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியோடு அதுவும் ஒரு கருவி.

நடும் முறை எளிது. விதையால் முளைப்பிக்க மாதக்கணக்கில் ஆகும். முளைத்தது ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது. தாய்ச்செடியின் அடியிலும் கிளைப்பக்கத்திலும் கிளைக்கும் பக்கக்கன்றை, முழங்கை நீளமும் வேர்முனையும் வந்த பிறகு கூரிய கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். கைக்குத் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். இலையின் இரு விளிம்பிலும் நடுநரம்பிலும் முள் இருக்கிறது. இலையைப் பாதிக்கு நறுக்கிவிட்டால் கன்று வாடாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், மணலோடு கொஞ்சம் மக்கிய இலைக்குப்பை கலந்து, இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் குழிதோண்டி நட்டு, சாயாமல் குச்சியோடு கட்டிவிட வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. இந்த ‘ஆகாது’வுக்குக் காரணம் உண்டு, வேர் அழுகும்! முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும். பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காய்ந்து தொங்கும் ஓலையை, வேலியாக வேண்டுமானால் விட்டுவிடலாம். வழியோரமானால் அரிவாளால் கழித்துவிடலாம். தாங்குவேரை மட்டும் அசிங்கம் என்று வெட்டிவிடாதீர்கள். செடி நிற்பது அதன்மேல்தான்.

நாற்றுப் பண்ணைக்குப் போய்த் தாழை என்று கேட்டால், வெள்ளையும் மஞ்சளும் கோடு போட்ட அழகுச்செடி ஒன்றைத் தருவார்கள். ஈழத்தார் கறிக்குப் போடும் ரம்பையையும் சில இடங்களில் தாழை என்றே விற்கிறார்கள். இரண்டும் உறவு, இரண்டும் நம் கடற்கரைத் தாழையல்ல. கரையிலே நிற்கும் பழைய புதரைத் தேடிப் போவதே நல்லது. மூன்று நான்கு ஆண்டுகளில் முதல் மடல் விடும். மணம் வேண்டுமென்றால் ஆண்செடியின் கன்றுதான் வேண்டும். ஆகவே ஆடி, ஆவணியில் பூ விரிந்திருக்கும்போதே போய், எது ஆண் என்று பார்த்து அடிமரத்தில் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கன்று வெட்டப் போகும்போது எல்லாப் புதரும் ஒன்றுபோலவே இருக்கும்.